பதினெட்டு எழுத்து வருத்தம்

மலாயாவிலிருந்து கடிதம் வந்தால் எங்கள் வீட்டில் யாரும் உடனே பிரிக்க மாட்டார்கள். முதலில் மூலைகளைப் பார்ப்பார்கள். மூலைகளில் மஞ்சள் தடவியிருந்தால் நல்ல சேதி. மூலை கறுத்திருந்தால், அல்லது கிழிந்திருந்தால், அம்மா அந்த இடத்திலேயே குந்தித் தலையில் கை வைத்துவிடுவார். அன்று வந்த உறையில் மஞ்சளும் இல்லை, கறுப்பும் இல்லை. விலாசத்தை யாரோ தட்டெழுத்தில் அடித்திருந்தார்கள். அம்மா அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்ன காயிதமடி, நல்லதோ கெட்டதோ எண்டு சொல்லாத காயிதம்!" என்று என் கையில் தந்தார்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கலியாணம் முடிந்து எட்டு மாதம். அதில் அவர் என்னோடு இருந்தது இரண்டு மாதம்தான். மிச்ச நாளெல்லாம் மலாயாவில், ஒரு ரயில் நிலையத்தில் கிளாக்கர் உத்தியோகம். எங்கள் வீட்டில் இங்கிலீசு வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. ஐயாவுக்குத் தெரிந்தது புகையிலைத் தோட்டம். அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. தங்கச்சி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்.

கடிதம் எழுதியவர் அங்குள்ள ஆசுப்பத்திரி டொக்டர். நாலே நாலு வசனம். உங்கள் கணவர் மூன்று வாரமாக இங்கே கிடக்கிறார். அவருக்கு இருப்பது ஹெப்பற்றோஸ்பிளீனோமெகலி. மிகவும் பலவீனமாக இருக்கிறார். வீட்டிலிருந்து கடிதம் வந்ததா என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறார். அவ்வளவுதான்.

மூன்று வசனம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடாக விளங்கியது. இரண்டாவது வசனத்தில் அந்த ஒற்றைச் சொல் மட்டும் குறுக்கே கிடந்தது. ஐயா, "என்னவாம்? என்னவாம்?" என்று மண்வெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார். ஆசுப்பத்திரி என்றேன். பலவீனம் என்றேன். என்ன வியாதி, வருத்தத்தின் பெயர் என்ன என்று கேட்டார். "பாத்துச் சொல்லுறன்" என்றேன். கடைசி வசனத்தை நான் சொல்லவில்லை. புருசன் தன்னை நினைத்துத் தினமும் கேட்கிறான் என்பதைத் தகப்பனுக்கு முன்னால் எந்தப் பெண் வாய் திறந்து சொல்லுவாள்? அந்தக் காலத்தில் அது எங்களால் முடியாத காரியம்.

தபால்காரன் வேலிப் படலையடியில் நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் சேதி தெரிய வேண்டுமாம். அங்கேதான் சங்கடம். எங்கள் ஊர்த் தபால் கந்தோரின் பெரியவருடைய தங்கை மகனுக்குத்தான் தங்கச்சியைப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மூத்த மருமகன் பெயர் தெரியாத வருத்தத்தில் கிடக்கிறான் என்று அந்த வீட்டுக்குச் சேதி போனால், பேச்சு அன்றோடு முடிந்தது. குடும்பத்தில் என்ன வியாதியோ, என்ன தோசமோ என்று ஆயிரம் கேள்வி வரும். ஐயா என் முகத்தைப் பார்த்தார். படலையைப் பார்த்தார். பிறகு உரத்த குரலில், "மருமோனுக்கு உத்தியோகம் உயர்ந்திருக்காம்!" என்றார்.

தபால்காரன் சந்தோசமாகப் போனான்.

அந்தச் சொல் எனக்குத் தெரியவில்லை என்பது பயம் மட்டுமல்ல, மானப் பிரச்சினையும்தான். நான் மிசன் பள்ளிக்கூடப் போர்டிங்கில் படித்தவள். "இங்கிலீசு படிச்ச பொம்பிளை" என்றுதான் என்னைக் கலியாணம் பேசினார்கள். எங்கள் போர்டிங்கில் இங்கிலீசு என்றால் நீளம்தான். சின்னச் சொல்லால் சொல்லக்கூடியதை ஒரு முழச் சொல்லால் சொன்னவள் கெட்டிக்காரி. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் போட்டி வைப்போம். ஒருத்தி ஒரு சொல் சொல்ல, அடுத்தவள் அதைவிட நீளமாகச் சொல்ல வேண்டும். ஒருத்தி "இன்கொம்பிரிஹென்சிபிலிற்றி" என்று பத்தொன்பது எழுத்தோடு இருந்தாள். நான் எழும்பி, "அன்ரிடிஸ்எஸ்ராபிளிஷ்மென்ரேரியனிசம்" என்று மூச்சு விடாமல் சொன்னேன். இருபத்தெட்டு எழுத்து! அதன் கருத்து? இங்கிலாந்தில் அரசாங்கத்தையும் தேவாலயத்தையும் பிரிக்கக்கூடாது என்று நிற்பது ஏதோவாம். கருத்தை யார் கேட்டது. எனக்குக் கைதட்டினார்கள்.

அவரும் அதே பைத்தியம். கலியாணத்துக்குப் பிறகு நாங்கள் இங்கிலீசில்தான் எழுதிக்கொண்டோம். காரணம் பவுசு மட்டுமல்ல. வீட்டுக்கு வரும் கடிதம் எல்லோருக்கும் பொது. கூடத்தில் இருந்து உரத்து வாசிக்க வேண்டும். அவர் தமிழில் எழுதினால், ஒவ்வொரு வரியையும் ஐயாவின் முகத்துக்கு முன்னால் வாசிக்க வேண்டி வரும். இங்கிலீசில் எழுதினால், "சுகமாம், அங்கை நல்ல மழையாம்" என்று முடித்துவிடலாம். ஒவ்வொரு கடிதத்திலும் எங்கேயோ தேடிப் பிடித்து ஒரு நீளச் சொல் எழுதுவார். நான் பதிலுக்கு அதைவிட நீளமானதைத் தேடி எழுதுவேன். கொஞ்சிக் கதைக்கத் தெரியாத இரண்டு பேர் வேறு என்ன செய்வது?

இப்போது வேறொருவர் கையால் ஒரு நீளச் சொல் வந்திருக்கிறது. இதற்குப் பதிலாக நான் எதை எழுதுவேன்? வருத்தம் என்னவென்றே தெரியாமல், அதுவும் இங்கிலீசில், என்னத்தை எழுதுவது? பேனையை எடுத்தேன், வைத்தேன். ஐயாவும் தடுத்துவிட்டார். "ஆசுப்பத்திரி விலாசம் எழுதி எங்கடை தபால் கந்தோரிலை குடுக்கேலாது. தந்தியும் வேண்டாம். முதல் வருத்தம் என்னெண்டு அறிவம். பிறகு எழுதலாம்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சீ, என்ன நியாயம்!

நாட்காட்டித் தாளில் ஒரு துண்டு கிழித்து, அந்தச் சொல்லை மட்டும் பார்த்து எழுதினேன். கடிதத்தைப் பெட்டகத்தின் அடியில் வைத்துப் பூட்டினேன். துண்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன்.

பக்கத்து வளவில் மலாயாப் பென்சன்காரர் ஒருவர் இருந்தார். முப்பது வருசம் அங்கே வேலை செய்தவர். ஊருக்கு வந்த பிறகும் சப்பாத்துப் போட்டுக்கொண்டுதான் கிணற்றடிக்குப் போவார். தெரியாது என்ற சொல் அவருடைய இங்கிலீசிலும் இல்லை, தமிழிலும் இல்லை. போர்டிங் சினேகிதி ஒருத்தியின் மாமாவுக்கு வந்த வருத்தம் என்று பொய் சொல்லித் துண்டை நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் தூரத்தில் பிடித்தார். கிட்டத்தில் பிடித்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

"இஞ்சை பார் பிள்ளை, வெள்ளைக்காரன் சும்மா பேர் வைக்கமாட்டான். எல்லாத்துக்கும் அவனிட்டை ஒரு அளவு இருக்கு. கோல்ட், நாலெழுத்து. தடிமன். ரண்டு நாளிலை போயிடும். பீவர், ஐஞ்செழுத்து. மலேரியா, ஏழு. ஆளைப் போட்டு உலுப்பும், பிறகு விட்டிடும். நியூமோனியா, ஒன்பது. பிழைச்சால் புண்ணியம். ரியூபர்குளோசிஸ், பன்ரண்டு. கசம். அது உனக்கே தெரியும்." பிறகு விரலை வைத்துத் துண்டிலிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணினார். நானும் கூடவே எண்ணினேன். "பதினெட்டு" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். "உன்ரை சினேகிதியின்ரை மாமன் ஆரெண்டு தெரியாது. ஆனால், பாவம்."

வேலியைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அம்மாவுக்கு மட்டும் குசினிக்குள் வைத்துச் சொன்னேன். அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "உந்தாளுக்கு விசரோ? பேதி எண்டால் ரண்டே ரண்டு எழுத்து எண்டு நீதானே சொல்லித் தந்தனி. ஊரையே வாரிக்கொண்டு போகேல்லையோ?" என்றார். அம்மா சொன்னது சரியென்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கு அது எழுத்தறியாத மனுசியின் பேச்சாகப் பட்டது. நான் எண்ணத் தொடங்கிவிட்டேன். மருந்துப் போத்தலில், சவர்க்கார உறையில், எங்கே இங்கிலீசு கண்டாலும் எழுத்தை எண்ணினேன். எதுவும் பதினெட்டைத் தொடவில்லை. தொடாத ஒவ்வொன்றும் என்னை இன்னும் பயப்படுத்தியது.

அடுத்த நாள் பின்னேரம் இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் வந்தார். உத்தியோக உயர்வு பற்றிக் கேள்விப்பட்டாராம். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு, "என்ன பதவியாம்?" என்று கேட்டார். ஐயா என்னைப் பார்த்தார். நான் ஐயாவைப் பார்த்தேன். எனக்கு வாயில் ஒரு பதவியும் வரவில்லை. தலைப்பை அவிழ்த்து அந்தத் துண்டை எடுத்து, "இதாம்" என்று கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பயத்தில் கை தானாகப் போனது.

வாத்தியார் மெதுவாக உச்சரித்துப் பார்த்தார். ஒருதரம் முன்னாலிருந்து. ஒருதரம் பின்னாலிருந்து. முகத்தில் ஒரு தடுமாற்றம் வந்து போனது. ஆனால் ஐயா பார்த்துக்கொண்டிருக்கிறாரே, எப்படித் தெரியாது என்பார்? "மெகலி எண்டால் கிரேக்க பாசையிலை பெரிசு" என்றார். "சந்தேகமே வேண்டாம். பெரிய பதவிதான்."

அவ்வளவுதான். இரண்டு நாளில் ஊர் முழுக்க எங்கள் மருமகன் பதினெட்டு எழுத்துப் பதவிக்காரன். கிணற்றடியில் ஒருத்தி என் கையைப் பிடித்து, "அதிட்டக்காரி" என்றாள். தபால் கந்தோர்ப் பெரியவர் வீட்டிலிருந்து ஒரு பெட்டி பனங்காய்ப் பணியாரம் வந்தது. இவ்வளவு பெரிய இடமென்று தெரியாமல் பேச்சை இழுத்துவிட்டோம், குறை நினைக்க வேண்டாம் என்று சேதியும் கூடவே வந்தது. தங்கச்சிக்கு ஒன்றும் தெரியாது. சந்தோசத்தில் ஒரு பணியாரத்தைக் கடித்துக்கொண்டே, "அக்கா, உனக்கென்ன முகம் செத்துப்போய்க் கிடக்கு?" என்றாள். செத்து என்ற சொல்லைக் கேட்டதும் அவளை அடிக்கக் கை ஓங்கினேன். பிறகு நானே அழுதேன். பல்வலி என்று சொன்னேன்.

வாத்தியார் சொன்னது வேறு மனதில் கிடந்து அரித்தது. பெரிசு. என்ன பெரிசு? அவருக்குள் எது பெரிதாகிக்கொண்டிருக்கிறது?

ஐந்தாம் நாள் என்னுடைய பரிசு அகராதியை எடுத்தேன். நீளச் சொல் போட்டியில் எனக்குத் தந்த அதே சின்னப் புத்தகம். அந்தச் சொல் அதில் இல்லை என்று முதல் நாளே பார்த்திருந்தேன். இப்போது முன்பாதியை மட்டும் தேடினேன். கிடைத்தது. ஈரல் சம்பந்தமானது என்று போட்டிருந்தது. ஓடிப்போய் ஐயாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஐயாவின் முகம் கறுத்துப்போனது. "ஈரல் வருத்தம் ஆருக்கு வரும்?" என்றார். தானே பதிலும் சொன்னார். "குடிகாரனுக்கு வரும். ஐயோ, ஒரு குடிகாரனுக்கோ என்ரை பிள்ளையைக் குடுத்தனான்?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தேன். அதுவரைக்கும் பயம் மட்டும்தான் இருந்தது. இப்போது கோபம் வந்து அதன் மேலே ஏறி இருந்துகொண்டது. உண்மையைச் சொல்கிறேன், கோபம் எனக்குச் சுகமாக இருந்தது. பயந்துகொண்டிருப்பதைவிடக் கோபித்துக்கொண்டிருப்பது எவ்வளவோ லேசு. கடல் கடந்து போய்க் குடிக்கிறாராம். எனக்கு நீளச் சொல் எழுதிவிட்டு அங்கே கள்ளுத் தவறணைக்குப் போகிறாராம். ரயில் நிலையத்து ஆட்களோடு போத்தலும் கையுமாக இருக்கிறாராம். நானே எல்லாவற்றையும் கண்ணால் கண்டவள்போல் அடுக்கிக்கொண்டேன். கிடக்கட்டும், என்னுடைய கடிதம் எதற்கு என்று நினைத்தேன். முதல் ஐந்து நாள் ஐயாவின் சொல்லுக்காக எழுதாமல் இருந்தேன். அடுத்த ஏழு நாள் என்னுடைய கோபத்துக்காக எழுதாமல் இருந்தேன்.

ஆனால் கோபமும் முழு நாளைக்குக் காணாது. விடியற்காலையில் கண் விழிக்கும்போது அது இருக்காது. பதினெட்டு மட்டும் இருக்கும். தாலியைத் தொட்டுப் பார்ப்பேன். படலை சத்தம் கேட்டால் தந்திதான் என்று எழும்பி ஓடுவேன். மாடு உரசியிருக்கும்.

பன்னிரண்டாம் நாள் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "உன்ரை இங்கிலீசும் உன்ரை கோவமும்! வருத்தத்தை வைத்தியம் தெரிஞ்ச ஆளிட்டைக் கேக்காமல், பென்சன்காரனிட்டையும் வாத்தியிட்டையும் கொண்டு திரியிறாய். வெளிக்கிடு. எனக்குப் பல்லுக்குத்து எண்டு சொல்லு" என்றார். ஐயாவிடம் பல்லுக்குத்து என்றே சொல்லிவிட்டு, இருவரும் மாட்டுவண்டியில் மானிப்பாய் ஆசுப்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வந்தார், வண்டிக்காரன் பார்ப்பான் என்று.

அங்கே ஒரு நர்ஸ் அம்மா இருந்தார். நாற்பது வயதிருக்கும். தமிழ் ஆள்தான். கூட்டம் குறையும் வரைக்கும் வாங்குப் பலகையில் காத்திருந்து, துண்டை நீட்டினேன். வியர்வையில் மை கலங்கியிருந்தது. அவர் ஒரே ஒரு தரம் பார்த்தார். எண்ணவில்லை.

"ஈரலும் மண்ணீரலும் வீங்கியிருக்கு எண்டு அர்த்தம்" என்றார். "ஆருக்கு?"

"குடியாலையோ?" என்று கேட்டேன். வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான்.

"எங்கை இருக்கிறார்?"

"மலாயாவிலை."

"அப்ப பெரும்பாலும் மலேரியாதான். காய்ச்சல் விட்டு விட்டு அடிச்சால் இப்பிடி வீங்கும். வன்னியிலை சின்னப் பிள்ளையளைப் பாத்திருக்கிறீரோ, வயிறு முன்னுக்குத் தள்ளி? அதுதான் இது."

அம்மா கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "காய்ச்சற்கட்டியோ?" என்றார். "எங்கடை அண்ணைக்குக் கிளிநொச்சிக் காட்டிலை வேலைக்குப் போய் வந்ததே, அந்தக் காய்ச்சற்கட்டியோ?"

"ஓம் அம்மா. அதேதான்."

அம்மாவின் தமையன் அப்போது உயிரோடு, தோட்டத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வாங்கில் தலையை வைத்துவிட்டேன். நர்ஸ் அம்மா என் தோளைத் தட்டினார். கொயினா மருந்து கொடுப்பார்கள், பிழைக்கக்கூடிய வருத்தம்தான், ஆனால் ஆள் சாப்பிட வேண்டும், மனம் விடக் கூடாது, மனம் விட்டால் மருந்தும் வேலை செய்யாது என்றார். பிறகு கேட்டார். "காயிதம் எங்கை? வேறை என்ன எழுதியிருக்கினம்?"

காயிதத்தைக் கொண்டுவரவில்லை. மனப்பாடமாக இருந்ததைத் தமிழில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மூன்று வாரமாகக் கிடக்கிறார். பலவீனமாக இருக்கிறார். கடைசி வசனத்துக்கு வந்தபோது குரல் இறங்கியது. "வீட்டிலையிருந்து காயிதம் வந்ததோ எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறாராம்" என்றேன்.

அந்த வசனத்தைத் தமிழில் சொன்னது அதுதான் முதல் தரம். சொன்ன பிறகுதான் என் காதிலும் விழுந்தது.

"நீர் என்ன எழுதினனீர்?" என்று நர்ஸ் அம்மா கேட்டார்.

நான் துண்டை மறுபடி தலைப்பில் முடிந்தேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அம்மாவிடம் நான் அதற்கு முன் கண்டதில்லை. "உந்த வசனத்தை ஏனடி எனக்குச் சொல்லேல்லை?" என்றார். "உந்தப் பதினெட்டு எழுத்தை ஊரெல்லாம் காட்டினாய். உதை ஏன் எனக்குச் சொல்லேல்லை? நாசமறுவாளே, பெடியன் கேட்டுக்கொண்டல்லோ கிடக்கிறான்!"

நர்ஸ் அம்மாதான் கடுதாசியும் பேனையும் தந்தார். அதே வாங்கில் இருந்து எழுதினேன். எழுதினேன் என்றால், எனக்குத் தெரிந்தபடி எழுதினேன். தங்களின் சுகவீனம் குறித்த அறிவித்தல் கிடைக்கப்பெற்று அளவிறந்த மனக்கலக்கம் எய்தினேன் என்று, இங்கிலீசில், ஒவ்வொரு சொல்லும் ஒரு முழம். கை அப்படித்தான் பழகியிருந்தது. மானிப்பாய்த் தபால் கந்தோரிலேயே போட்டோம். அது கொழும்புக்குப் போய், கப்பலேறி, அங்கே சேரப் பத்து நாளாகும். திரும்பி வர இன்னும் பத்து. அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுதப்போவதில்லை. கோபம் போன பிறகு பயத்துக்கு மூடியே இருக்கவில்லை. அவ்வளவு போதும்.

ஒரு மாதத்துக்குப் பிறகு அவரே எழுதினார். கோணல் எழுத்தில் இரண்டு வரி. எழும்பி நடக்கிறேன், வேலைக்குப் போகிறேன் என்று. ஐயா கோவிலுக்குப் போய் நூறு தேங்காய் உடைத்தார். காய்ச்சற்கட்டி என்று அம்மா சொன்ன அன்றிலிருந்து, குடிகாரன் என்று சொன்னதை ஐயா ஒருநாளும் வாயில் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. தங்கச்சியின் கலியாணமும் நடந்தது. பதவி என்னவாயிற்று என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வேளை பெயர் நினைவில்லாமல் போயிருக்கும்.

அடுத்த வருசம் அவர் லீவில் வந்தார். மெலிந்திருந்தார். கழுத்தெலும்பு தெரிந்தது. வந்து நாலைந்து நாளிருக்கும், ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவர் குழம்பைப் பிசைந்துகொண்டே சிரித்தார்.

"ஆசுப்பத்திரிக்கு வந்த உம்மடை ரண்டாவது காயிதத்தை நினைச்சன். கச்சேரியிலையிருந்து வந்த அரசாங்கக் கடுதாசி மாதிரி இருந்தது. முதலாவதுதான் காயிதம்."

ஆசுப்பத்திரிக்கு நான் எழுதியது ஒன்றே ஒன்று.

"எந்த முதலாவது?" என்றேன்.

"மறந்துபோனீரோ? தமிழிலை எழுதினீரே." அவர் பிசைவதை நிறுத்தினார். "நான் கப்பல் எண்ணிக்கொண்டு கிடந்தன். உம்மடை மறுமொழி வரக்கூடிய கப்பல் வந்திது. ஒண்டும் இல்லை. அடுத்த கப்பலும் வந்திது. ஒண்டும் இல்லை. அதோடை எனக்கு விட்டுப்போச்சு. கஞ்சி தந்தால் திரும்பிப் படுத்திடுவன். டொக்டரும் கையை விரிச்சிட்டார். பிறகு ஒரு காலமை, மருந்து கட்டிற டிரெசர், மட்டக்களப்புப் பக்கத்து ஆள், ஒரு கடுதாசியைக் கொண்டு ஓடி வந்தான். உன்ரை மனிசி எழுதியிருக்கிறா எண்டு. கொயினா குடிச்சுக் குடிச்சு எனக்குக் கண் தெரியேல்லை. அவன்தான் வாசிச்சான்."

"என்ன எழுதியிருந்தன்?"

"என்ன எழுதியிருந்தனீரோ? எனக்கெல்லோ பாடம்!" அவர் கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார். "கஞ்சி குடிச்சனீங்களோ? நீங்கள் குடிக்கேல்லையெண்டால் நானும் குடிக்கமாட்டன். இஞ்சை ஒருத்தரும் சாப்பிடேல்லை. வேறை ஒண்டும் வேண்டாம். எழும்பி வாங்கோ. அவ்வளவுதான். அண்டைக்குக் குடிச்சன் கஞ்சி. அதுக்குப் பிறகுதான் எழும்பினது. அந்தக் கடுதாசியை வைச்சிருக்கத் தா எண்டு டிரெசரைக் கேட்டன். வாட்டுக் கூட்டேக்கை குப்பையோடை போயிட்டுதாம், அறுவான்."

நான் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகம் தெரியாத ஒரு டிரெசர், என்னுடைய பெயரில், எனக்குத் தெரியாத ஒரு கடிதத்தை வெறும் கடுதாசியைப் பார்த்து வாசித்திருக்கிறான். இஞ்சை ஒருத்தரும் சாப்பிடேல்லை என்று சொல்லியிருக்கிறான். அந்த நாட்களில் நான் மூன்று வேளையும் சாப்பிட்டேன். கோபத்தில் நன்றாகவே சாப்பிட்டேன். தபால் கந்தோர்ப் பெரியவர் வீட்டுப் பணியாரத்தையும் சாப்பிட்டேன்.

சொல்லிவிடலாம் என்று வாய் வந்தது. அது நான் இல்லை என்று சொல்ல மூன்று சொல் போதும். அவருடைய கழுத்தெலும்பைப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. பிறகு இருபத்தெட்டு வருசம் அவரோடு வாழ்ந்தேன். அப்போதும் முடியவில்லை.

"அதுக்குப் பிறகு ஏன் அப்பிடி ஒண்டும் எழுதேல்லை நீர்?" என்று கேட்டார்.

"வெக்கமாக் கிடந்தது" என்றேன்.

"புருசனுக்கு எழுத என்ன வெக்கம்?" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு சோற்றுக் கோப்பையை நீட்டினார். நான் இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டேன்.